மாந்தோப்புக் கொள்ளை: ஒரு தகவல் பிழை

மதிப்புக்குரிய டைரக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படத்தை வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்பப் போவதாகவும், தகவல் பிழை ஏதும் கண்ணில் பட்டிருந்தால் தெரிவிக்கும்படியும் எழுதியிருக்கிறீர்கள். இருபது நிமிஷப் படத்தில் நான் நான்கு நிமிஷம் வருகிறேன். அந்த நான்கு நிமிஷத்தில் குறையொன்றும் இல்லை. மற்றபடி, ஆடி மாதக் குற்றாலத்தில் சுட்டெரிக்கும் வெயில் அடிப்பதாகக் காட்டியிருக்கிறீர்கள். சென்னைக்காரர்களுக்கு அது தெரியாது, வெளிநாட்டுக்காரர்களுக்கும் தெரியாது, எங்கள் ஊர்க் கழுதைக்குத் தெரியும். இன்னொன்று, பின்னணிக் குரலில் என்னை 'வயது முதிர்ந்த கேஷியர்' என்று சொல்கிறார்கள். சம்பவம் நடந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் எனக்கு முப்பத்தெட்டு வயது. தலையில் ஒரு நரை கிடையாது.

மூன்றாவது பிழை கொஞ்சம் பெரியது. அதைச் சொல்வதற்கு முன்னால் படத்தின் கதையை ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கே அதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்தில் சீசனுக்காகத் திறந்த பேங்க் கவுண்டரிலிருந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கேஷியர் மந்திரமூர்த்தி பணப்பையைத் தென்காசிக் கிளைக்கு எடுத்துப் போகிறார். சாலையோர மாந்தோப்பிலிருந்து இரண்டு பேர் பாய்ந்து அவர் தலையில் அடித்துப் பையைப் பறிக்கிறார்கள். ஒருவன் தென்காசி நெசவாளி மசூது, இடது கால் ஊனம். அவன் பிடிபட்டுப் பத்து வருஷம் கடுங்காவல் பெறுகிறான். மற்றவன் அகப்படவே இல்லை, பையும் அகப்படவில்லை. தொகை எவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை. பத்திரிகைகளில் அது வாராவாரம் கூடிக்கொண்டே போயிற்று, நானே கடைசியில் எதை நம்புவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

உழைத்துச் சாப்பிட்ட நெசவாளி ஏன் கொள்ளைக்காரன் ஆனான் என்று உங்கள் படம் கேட்கிறது. நூல் விலை ஏறியது, தறிகள் நின்றது, நெசவாளி வீடுகளில் கஞ்சித் தண்ணீருக்கே திண்டாட்டம் ஆனது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, 'பசிதான் அந்தப் பையைப் பறித்தது' என்று முடிக்கிறீர்கள். தியேட்டரில் எனக்கே கண் கலங்கிவிட்டது. நீங்கள் சொன்ன சமூகக் காரணங்கள் அத்தனையும் உண்மை. நூல் விலை உண்மை, தறி நின்றது உண்மை, பசி உண்மை. அவற்றில் எதுவும் பையைத் தொடவில்லை என்பது மட்டும்தான் பிழை. பையை எடுத்தது புலியருவி. அருவிக்குப் பசியும் இல்லை, நூல் விலையும் தெரியாது.

நடந்ததைச் சொல்லுகிறேன். சனி நீராடு என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததை நான் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. பெரியவர்கள் சொன்ன மற்ற எதையும் அவ்வளவு கருத்தாகக் கடைப்பிடித்ததாக ஞாபகம் இல்லை. சனிக்கிழமை கவுண்டரை மத்தியானத்தோடு மூடிவிடுவோம். பையை நானும் பியூன் முத்துவடிவும் ஜட்காவில் வைத்துத் தென்காசிக்குக் கொண்டுபோக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, வழியில் எங்கேயும் இறங்கக் கூடாது. பேங்கில் எனக்கு இருந்த விதிகளிலேயே மிகச் சுலபமான இரண்டு இவைதான். அன்றைக்கு முத்துவடிவு பேரனுக்கு முடியிறக்கப் பண்பொழி மலைக்குப் போயிருந்தான். ஆள் இல்லையென்றால் தென்காசிக்குப் போன் பண்ணி வேறு ஆளை வரவழைக்க வேண்டும். வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் நான் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நேரம் தாண்டிவிடும். போன் பண்ணவில்லை. ஜட்காவும் பிடிக்கவில்லை, ஜட்காக்காரன் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். குடையைப் பிடித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பெரிய அருவியில் கேஷியரைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆகவே கிளைவழியில் திரும்பிப் புலியருவிக்குப் போனேன். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது, ஒரு ஈ காக்கை இல்லை. பைக்குள் பணத்துக்கு மேலே ஒரு நல்லெண்ணெய்ச் சீசாவும் சீயக்காய்ப் பொட்டலமும் இருந்தன. பேங்க் பைக்குள் எண்ணெய்ச் சீசா வைத்துக் கொண்டுபோன கேஷியர் இந்த மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டையும் வெளியே எடுத்து மேட்டில் வைத்தேன், உடுதுணியையும் மடித்து அங்கேயே வைத்தேன். பையைக் கண்ணுக்கு எதிரே இருக்கட்டும் என்று தண்ணீர் ஓரத்துப் பாறையில் வைத்தேன். எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று பாருங்கள். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெயை அரக்கித் தேய்த்துக்கொண்டு, ஊறட்டும் என்று உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மலையில் மழை, வெள்ளம் வருகிறது, மேலே ஏறு என்று அதற்கு அர்த்தம். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே இது தெரியும். நானும் ஏறினேன். ஏறி நின்ற பிறகுதான் பையின் ஞாபகம் வந்தது. இறங்கி ஓடினேன், வாரைப் பிடித்தும்விட்டேன். ஆனால் பிடித்தது எண்ணெய்க் கை. வாரும் புதுத் தோல். விலாங்கு மீனைப் பிடித்தது போல வழுக்கிக்கொண்டு போயிற்று. பாசியில் என் காலும் வழுக்கி, நெற்றி பாறையில் அடித்து, இடது முழங்கால் மடங்கிக் கிடந்த இடத்திலிருந்து, பை இரண்டு முறை உருண்டு மறைவதைப் பார்த்தேன்.

பிறகு நான் செய்த காரியத்தை வெட்கத்தால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பை போன பிறகு, மேட்டில் கட்டாந்தரையில் தேங்கிய மழைத் தண்ணீரை மொண்டு, சீயக்காய் தேய்த்து நன்றாகத் தலை முழுகினேன். தலை நிறைய எண்ணெயோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது. எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்க்கத் தேய்க்க, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை தோன்றத்தான் செய்தது. சொன்னால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, எங்களுக்கு நாலு மரக்கால் விதைப்பாடு நிலம் உண்டு. தாங்க முடியாதது பட்டப்பெயர்தான்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் தேடிவந்த சமூகக் காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் ஒருவனோடு போகாது. என் பாட்டனார் ஒரு கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவையாகப் பாயசம் கேட்டார். அவர் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. சம்பவம் நடந்த வருஷத்தில்கூடத் தபால்காரர் எங்கள் வீட்டைப் 'பாயசம் வீடு' என்று விசாரித்துத்தான் வந்தார். என் தங்கையைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து வந்தவர்கள் பாயசத்தை வைத்துக்கொண்டு சிரித்துத் தொலைத்தார்கள். பாயசத்துக்கே இந்தக் கதி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போய்ப் பேங்கை அருவியில் விட்டவனுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும், அது எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் தலை காய்ந்துவிட்டது. நெற்றியில் ரத்தம் மட்டும் நிற்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, சோடா வரவழைத்துக் கொடுத்து, ஆள் அடையாளம் கேட்டார். கட்டம் போட்ட சாரம் உடுத்தியிருந்தான், இடது காலை நொண்டி நடந்தான் என்றேன். என் இடது முழங்கால் அந்த நேரத்தில் தெறித்துக்கொண்டிருந்தது, அதனால் அந்த வார்த்தை வாயருகில் இருந்தது. அன்று காலை கவுண்டரில் கடைசியாக வந்த ஆள், சில்லறையைக் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொண்டு போன துண்டு வியாபாரி, கட்டம் போட்ட சாரம் உடுத்திய, இடது கால் ஊனமான ஒரு நெசவாளி. நான் சொன்ன அடையாளம் அவனிடமிருந்து வந்ததா, என் முழங்காலிலிருந்து வந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளத்தைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு நொண்டிப் பயலா உம்ம அடிச்சுப் புடுங்குனான்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பேர் சார் என்றேன். மற்றவன் நல்ல உயரம், கறுப்பு, முறுக்கு மீசை. அன்று சாயங்காலமே அவன் கையில் கத்தி வந்துவிட்டது. விசாரணை கோர்ட்டுக்குப் போவதற்குள் அது அரிவாளாக வளர்ந்திருந்தது.

மசூதை இரண்டாம் நாள் பிடித்தார்கள். நூலுக்குக் கொடுக்க வழியில்லாமல், கையிலிருந்த துண்டுகளைச் சீசன்காரர்களிடம் விற்க அன்று குற்றாலம் வந்தேன் என்று அவன் சொன்னான். உண்மை. காலையில் பேங்கில் நோட்டு மாற்றினேன், கேஷியரைக் கேளுங்கள் என்றும் சொன்னான். அதுவும் உண்மைதான், அவனை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. கூட்டாளி பெயரைச் சொல் என்று பதினோரு நாள் அடித்தார்கள். அந்த ஆள் என் கௌரவத்துக்காக நான் சேர்த்துக்கொண்டவன். இல்லாத ஒருவனுக்கு ஒரு பெயர் வைக்க மசூதுக்கு வரவில்லை. எனக்கென்றால் முதல் அடியிலேயே வந்திருக்கும். கற்பனை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அடையாள அணிவகுப்பில் எட்டுப் பேரை நிறுத்தினார்கள். நிற்கிற மனிதனிடம் நொண்டல் தெரியாது என்பதால் நடக்கச் சொன்னார்கள். ஏழு பேர் நேராக நடந்தார்கள். மாஜிஸ்திரேட் காத்திருந்தார், இன்ஸ்பெக்டர் காத்திருந்தார், அவ்வளவு பேரையும் ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத சுபாவம். போய் மசூதின் தோளைத் தொட்டேன். உடம்பு கொதித்தது, காய்ச்சலாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான் ஊரில் பெரிய மனிதனாக இருந்தேன். தலைமைக் கேஷியர் ஆக்கினார்கள். வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். எங்கள் வீட்டைப் 'பாயசம் வீடு' என்று சொல்வது குறைந்து, 'மாந்தோப்பு அண்ணாச்சி வீடு' என்று ஆனது. என் மனைவி ஆவுடைத்தாய்க்கு அதில் ரொம்பத் திருப்தி. மசூதின் மனைவி ஹைருன் பீவி மட்டும் பீடி சுற்றிப் பிழைத்துக்கொண்டு, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் தன் புருஷன் எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஊர் சிரித்தது. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அறுபத்தைந்து சீசனில் நீங்கள் காமிராவோடு வந்தீர்கள். மாந்தோப்பில் என்னை ஓடச் சொன்னீர்கள், விழச் சொன்னீர்கள். நான்காம் முறை விழுந்தபோது நிஜமாகவே அடிபட்டது, நன்றாக வந்திருக்கிறது என்றீர்கள். அப்போதுதான் நீங்கள் மசூதின் விடுதலை விஷயத்தை எடுத்தீர்கள். மனம் திருந்திய கைதி என்று மனுக் கொடுத்தால் சர்க்கார் மீதித் தண்டனையைக் குறைக்கும், படம் அதற்கு உதவும், ஆனால் அவன் எடுக்கவில்லை என்று ஏழு வருஷமாக ஒரே பிடியாக நிற்கிறான், பாதிக்கப்பட்ட நானே வந்து பேசினால் இளகுவான் என்றீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவனை அங்கே அனுப்பியவன் என்ற முறையில் அவனை வெளியே கொண்டுவரும் பொறுப்பும் எனக்குத்தான் என்று பட்டது. நான் அப்படி ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

பாளையங்கோட்டை ஜெயிலில், நீங்கள் வெளியே லைட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, அரைமணி நேரம் நாங்கள் தனியாகப் பேசினோம். என்ன பேசினோம் என்று பிறகு நீங்கள் கேட்டீர்கள், நான் ஆறுதல் சொன்னதாகச் சொன்னேன். மசூது பாதியாக இளைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க ஆளு மாறிப் பாத்துட்டீய அண்ணாச்சி," என்றான். "அதுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்லல்ல. மண்டையில அடி வாங்குனவனுக்கு என்ன தெரியும்."

மகள் ஷமீம் பானுவுக்குக் கல்யாண வயது வந்துவிட்டதைச் சொன்னேன். ஹைருன் பீவிக்குப் பீடித் தூளில் கண் மங்கி வருவதைச் சொன்னேன். எடுக்கவில்லை என்று சாதிக்கிற தகப்பன் ஜெயிலில் இருப்பதைவிட, எடுத்தேன் என்று திருந்திய தகப்பன் வீட்டில் இருப்பது அந்தப் பிள்ளைக்கு நல்லதல்லவா என்றேன். எல்லாம் நியாயமான வார்த்தைகள், இப்போது எழுதும்போதும் எனக்கு அதில் ஒரு குற்றம் தெரியவில்லை.

"நான் எடுக்கலன்னு மூணு பேருக்குத் தெரியும்," என்றான். "எனக்கு, ஹைருனுக்கு, படைச்சவனுக்கு. படைச்சவன் விட்டுருவான். ஹைருன் என்னைய என்னன்னு நெனப்பா?"

மூன்று பேர் என்று அவன் சொன்னதில் ஒன்று குறைந்தது. நான் திருத்தவில்லை. ஹைருனிடம் நானே போய்ச் சொல்லுகிறேன் என்றேன். விடுதலைக்காக நாங்கள் பேசிவைத்துச் சொல்லும் பொய் அது, உன் புருஷன் கை வைக்கவில்லை என்று அவளிடம் சொல்லுவதாகச் சொன்னேன்.

"நீங்க சொன்னா நம்புவா," என்றான் மசூது. "எதிர்ச்சாட்சி சொன்ன ஆளே வந்து சொன்னா நம்பாம இருப்பாளா. ஆனா படம் அவ கண்ணுல படுததுக்கு முன்னால சொல்லிரணும் அண்ணாச்சி. அது ஒண்ணுதான் நான் கேக்குதது."

கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். பிறகு நீங்கள் காமிராவை வைத்தீர்கள். நூல் விலையைப் பற்றியும் பசியைப் பற்றியும் நீங்கள் எழுதிக் கொடுத்ததை அவன் தடுமாறாமல் சொன்னான். 'நான்தான் எடுத்தேன்' என்கிற இடத்தில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் சென்னைப் பத்திரிகை ஒன்று 'குற்ற உணர்வின் உச்சம்' என்று எழுதியிருந்தது. நான் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

ஹைருனிடம் சொல்லப் போகவேண்டும் என்றுதான் இருந்தேன். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. அடைமழை வேறு. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகத் தென்காசித் தியேட்டரில் படத்தை இலவசமாகப் போட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இடம். பெண்கள் பக்கத்தில் ஹைருன் பீவி மகளோடு உட்கார்ந்திருந்ததை விளக்குப் போட்ட பிறகுதான் பார்த்தேன். எல்லோரும் எழுந்து போன பின்னும் அவள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முற்பகலில் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னோம், வாசற்படியிலேயே நின்றாள். ஆவுடைத்தாய் மோர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை.

"ஏழு வருசமா அவுக எடுக்கலன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் அண்ணாச்சி," என்றாள். "ஊரு சிரிச்சுது, சிரிக்கட்டும்னு இருந்தேன். நேத்து அவுக வாயாலயே கேட்டுட்டேன். அடிக்குப் பயந்து சொன்னாகளா, நெசமாத்தான் எடுத்தாகளா? உங்களுக்குத் தெரியாம இருக்காது. நீங்க என்ன சொன்னாலும் நம்பிருதேன். ஒத்த வார்த்த சொல்லுங்க, போயிருதேன்."

அவள் கேட்ட ஒற்றை வார்த்தை என் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம், ஒரு செலவும் இல்லை. ஆனால் ஹைருன் பீவி கூர்மையான பெண்பிள்ளை. அவர் எடுக்கவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும், அப்படியானால் பையை யார் எடுத்தது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்த கேள்வியும் வரும். மாந்தோப்பு அண்ணாச்சி வீட்டு வாசலில், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, நல்லெண்ணெயைப் பற்றி நான் எங்கே ஆரம்பிப்பது.

"அவனே சொல்லிட்டான்லா தாயி," என்றேன். "அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

அவள் அழவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே தறியை விற்று, வீட்டைப் பூட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தன் புருஷன் மௌத்தாகிவிட்டதாகச் சொல்லித்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேங்குக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்லுவார்கள், நமக்குக் காது இருக்கிறதே.

பங்குனியில் மசூது விடுதலையானான். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேராக என்னிடம்தான் வந்தான். வேறு யாரிடம் போவான். கையில் ஒரு துணிமூட்டை. வந்தவன் உட்காராமல் அந்த ஒன்றைத்தான் கேட்டான்.

"ஹைருன்கிட்ட சொன்னீயளா அண்ணாச்சி?"

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மனிதன் எவ்வளவு வருத்தப்படுவான், கடையநல்லூருக்கு ஓடுவான், அவள் ஏற்பாடு செய்துகொண்டிருந்த கல்யாணம் குலையும். ஆகவே எல்லோருக்கும் நல்லதாக ஒரு பதிலைச் சொன்னேன்.

"சொன்னேன் மசூது. சொல்லத்தான் செஞ்சேன். அவ நம்பல்ல."

மசூது மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஏழு வருசம் நம்புனாளே, அது போதும்," என்றான். "நீங்க எனக்காவ மெனக்கெட்டுப் போயிருக்கீய. அல்லா உங்களுக்கு நல்லத கொடுப்பான்."

அவன் கடையநல்லூருக்குப் போகவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. நம்பாதவள் வாசலில் போய் நிற்கக் கூடாது என்று இருக்கிறான்.

டைரக்டர் சார், இதுதான் மூன்றாவது பிழை. கொள்ளை நடக்கவில்லை, கொள்ளைக்காரர்கள் இல்லை, பையை விட்டவன் நான், மசூதை ஜெயிலுக்கு அனுப்பியவன் நான், செய்யாததைச் செய்தேன் என்று அவனைச் சொல்லவைத்தவன் நான், அவன் பெண்டாட்டியை அவனிடமிருந்து பிரித்தவனும் நான். ஒன்றையும் மறைக்கவில்லை. எழுதி முடித்ததும் உடம்பு லேசானது மாதிரி இருக்கிறது. போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது என்றால் படத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, உங்களுக்கு ஏன் வீண் சிரமம். எனக்கும் இன்னும் சில வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

மசூது இப்போது எங்கள் வீட்டில்தான் வேலைக்கு இருக்கிறான். தொழுவத்தை அடுத்த அறையைக் கொடுத்திருக்கிறேன். கொள்ளையடித்தவனையே வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுகிற மனசு யாருக்கு வரும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். காய்கறி வாங்கப் பாவூர்சத்திரம் சந்தைக்கு அவனைத்தான் அனுப்புகிறேன், பீரோச் சாவியைக்கூட ஆவுடைத்தாய் அவனிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறாள். இந்தக் கடிதத்தையும் ஒட்டி அவனிடம்தான் தபாலாபீசுக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன். அவனுக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் அடுத்தவர் கவரைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை. வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. முழுக்கத் திருந்திவிட்டான் சார், அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கும்போது மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.